வணிகத் துறையின் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கியைப் பயன்படுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்திய அரசின் வணிகத் துறை நடத்தும் ஏற்றுமதி–இறக்குமதித் தரவு வங்கியை, அதாவது 'ட்ரேட்ஸ்டாட்' இணையதளத்தை, கட்டணமின்றி யாரும் பயன்படுத்தலாம். கொல்கத்தாவில் உள்ள வணிக நுண்ணறிவு மற்றும் புள்ளியியல் தலைமை இயக்குநரகம் சுங்க ஆவணங்களிலிருந்து தொகுக்கும் கணக்கே இதில் வருகிறது. நான்கைந்து தேர்வுகளைச் செய்து பொத்தானை அழுத்தினால் அட்டவணை வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது அந்தப் பொத்தானில் அல்ல. அதற்கு முன்பு தீர்மானிக்க வேண்டியவற்றைத் தீர்மானிக்காமல் தளத்தைத் திறந்துவிடுவதால், வேறு ஏதோ ஒரு கேள்விக்கான விடையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் தளத்தைத் திறப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றியது.

தளத்தின் தோற்றமும் பட்டியல்களின் இடமும் அவ்வப்போது மாறக்கூடியவை. கீழே சொல்லும் தேர்வுகளோ எந்தத் தோற்றத்திலும் இருந்தே தீரும். எனவே, எந்த இடத்தில் அழுத்துவது என்பதைவிட எதை, ஏன் தேர்ந்தெடுப்பது என்பதற்கே இங்கே இடம் கொடுத்திருக்கிறேன்.

1. கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்

"மஞ்சள் ஏற்றுமதி எவ்வளவு?" என்பது தரவு வங்கியிடம் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. எந்த வடிவிலான மஞ்சள், எந்தக் காலத்தில், எந்த நாட்டுக்கு, எடையிலா மதிப்பிலா என்பவை அதில் இல்லை. "2022-23, 2023-24 ஆகிய இரண்டு நிதியாண்டுகளில் இந்தியாவிலிருந்து உலர் மஞ்சள் எந்தெந்த நாடுகளுக்கு, எவ்வளவு எடையில், எத்தனை டாலர் மதிப்பில் போயிருக்கிறது?" என்று எழுதினால், தளத்தில் செய்ய வேண்டிய ஒவ்வொரு தேர்வும் அந்த வாக்கியத்திலேயே இருக்கும்.

இந்த வாக்கியத்தை எழுதியதும், கேள்வி இந்தத் தரவு வங்கிக்குரியதுதானா என்று பாருங்கள். இது சரக்கு வணிகத்துக்கான கணக்கு. மென்பொருள், சுற்றுலா போன்ற சேவைகளின் ஏற்றுமதியை இங்கே தேடிப் பயனில்லை. அதற்கு ரிசர்வ் வங்கி வெளியிடும் அந்நியச் செலாவணி வரவு–செலவுக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எந்த நிறுவனம் யாருக்கு அனுப்பியது என்பதும் இதில் கிடைக்காது. பலரும் உண்மையில் வாங்குபவரின் பெயரைத் தேடித்தான் வருகிறார்கள் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தனிப்பட்ட ஏற்றுமதியாளர், இறக்குமதியாளர் சுங்கத்தில் தாக்கல் செய்த விவரங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியிடுவது சுங்கச் சட்டத்தின் 135ஏஏ பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இந்தப் பிரிவைச் சேர்த்தது. தரவு வங்கி தருவது நாடு, சரக்கு வாரியான மொத்தக் கணக்கை மட்டுமே.

2. சரக்கின் குறியீட்டைக் கண்டுபிடியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. இங்கே தவறினால் பிறகு எதைச் சரியாகச் செய்தாலும் பயனில்லை.

தரவு வங்கி சரக்குகளைப் பெயரால் அல்ல, ஹெச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) என்ற எண் குறியீட்டால் அடையாளம் காண்கிறது. உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் இந்த முறையில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தையும், நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் துணைத் தலைப்பையும் குறிக்கும். இந்த ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொதுவானவை. அதற்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் இந்தியா தன் தேவைக்காகச் சேர்த்துக்கொண்டவை. ஆகவே நம் குறியீடு எட்டு இலக்கம் கொண்டது.

மஞ்சளை எடுத்துக்கொள்வோம். அத்தியாயம் 09 காபி, தேயிலை, வாசனைப் பொருள்களுக்கு உரியது. அதில் 0910 என்ற தலைப்பில் இஞ்சி, குங்குமப்பூ, மஞ்சள் முதலியவை வருகின்றன. 0910 30 என்பது மஞ்சள். அதற்குக் கீழே இந்தியப் பட்டியலில் பச்சை மஞ்சளுக்கு 0910 30 10, உலர் மஞ்சளுக்கு 0910 30 20, மஞ்சள் தூளுக்கு 0910 30 30 என்று தனித்தனிக் குறியீடுகள் உள்ளன. மேலே எழுதிய கேள்விக்கு வேண்டியது 0910 30 20 மட்டுமே. 0910 30ஐ எடுத்தால் தூளும் சேர்ந்து வந்துவிடும்.

குறியீட்டைத் தேட இரண்டு இடங்கள் போதும். ஒன்று, மறைமுக வரிகள் மற்றும் சுங்க மத்திய வாரியத்தின் தளத்திலுள்ள சுங்கத் தீர்வை அட்டவணை. மற்றொன்று, வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் வெளியிடும் ஐ.டி.சி.–ஹெச்.எஸ். பட்டியல், அதாவது ஹெச்.எஸ். அடிப்படையிலான இந்திய வணிக வகைப்பாடு. தேடுபொறியில் கிடைக்கும் ஏதோ ஒரு வலைப்பக்கத்திலிருந்து குறியீட்டை எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய பதிப்பின் குறியீடுகள் அங்கே அப்படியே கிடக்கும்.

இந்தப் படியில் பெரும்பாலும் நேரும் பிழைகள் மூன்று.

முதலாவது, பொருளின் மூலப்பொருளை வைத்து அத்தியாயத்தை ஊகிப்பது. பருத்தி டி-ஷர்ட்டைத் தேடுகிறவர் 'பருத்தி' என்ற பெயரைப் பார்த்து 52ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடுவார். அங்கே இருப்பவை பஞ்சு, நூல், துணி. பின்னலாடை 61ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 6109 10. நெய்த துணியில் தைத்த சட்டையோ 62ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று நம்புவது. தென்னையிலிருந்து கிடைப்பவை எத்தனை அத்தியாயங்களில் சிதறிக் கிடக்கின்றன என்று பாருங்கள்: தேங்காய் 0801, கொப்பரை 1203, தேங்காய் எண்ணெய் 1513, தேங்காய் நார் 5305, நார்த் தரைவிரிப்பு 5702, சிரட்டையிலிருந்து செய்யும் செயலூட்டிய கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) 3802. 'தேங்காய்ப் பொருள்களின் ஏற்றுமதி' என்று யாரேனும் ஒரு தொகையைச் சொன்னால், இவற்றில் எவற்றைச் சேர்த்தார்கள் என்று கேட்பதுதான் முதல் வேலை. இவற்றிலும் சில தலைப்புகள் தென்னைக்கு மட்டும் உரியவை அல்ல. 1513இல் பனைக்கொட்டை எண்ணெயும் இருக்கிறது. 3802இல் மற்ற வகைக் கரிகளும் உண்டு. மஞ்சளுக்கும் இதே நிலைதான்: மசாலாக் கலவை 0910 91க்குப் போகும், வாசனைப் பொருள்களிலிருந்து எடுக்கும் ஓலியோரெசின் என்ற பிசின் சாறு 33ஆம் அத்தியாயத்தில் இருக்கும்.

மூன்றாவது, அத்தியாயத்தின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகளைப் படிக்காமல் விடுவது. எது இந்த அத்தியாயத்தில் சேராது, கலவையானால் எங்கே போகும் என்பதை அந்தக் குறிப்புகளே தீர்மானிக்கின்றன. ஒரு பக்க வாசிப்பு, பத்தாண்டு எண்களையும் தவறாகத் தொகுப்பதிலிருந்து உங்களைக் காப்பாற்றும்.

3. அந்தக் குறியீடு முழுக் காலத்துக்கும் செல்லுமா என்று பாருங்கள்

ஹெச்.எஸ். பட்டியலை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை போலத் திருத்துகிறார்கள். 2012, 2017, 2022 ஆகியவை அண்மைய திருத்தங்கள். திருத்தத்தில் ஒரு குறியீடு இரண்டாகப் பிரியலாம், மறையலாம், புதிதாகத் தோன்றலாம்.

உலர் மிளகாய் இதற்குத் தெளிவான சான்று. 2012க்கு முன்பு முழு மிளகாயும் மிளகாய்த் தூளும் 0904 20 என்ற ஒரே துணைத் தலைப்பில் இருந்தன. 2012 திருத்தத்தில் முழு மிளகாய்க்கு 0904 21 என்றும், இடித்தது, அரைத்ததற்கு 0904 22 என்றும் பிரித்தார்கள். இதை அறியாதவர் 0904 21ஐ வைத்துப் பல ஆண்டு எண்களின் நீண்ட தொடரை எடுத்தால், தொடக்க ஆண்டுகள் காலியாக இருக்கும். மிளகாய் ஏற்றுமதி திடீரென்று பிறந்ததுபோலத் தோன்றும். ஸ்மார்ட்போனுக்கு 2022 பதிப்பில் 8517 13 என்று தனிக் குறியீடு வந்தது. அதற்கு முன் அது மற்றக் கைபேசிகளோடு 8517 12இல் இருந்தது.

தொடர் முறியும் இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒரு நிலை மேலே ஏறி, இரண்டு காலத்துக்கும் பொதுவான தொகுப்பை உருவாக்குங்கள். மிளகாய்க்கு, புதிய இரண்டையும் கூட்டிப் பழையதோடு பொருத்தலாம். அப்படிப் பொருத்த முடியாத சரக்கில், முறிவுக்கு முன்பும் பின்பும் தனித்தனித் தொடர்களாக வைத்துக்கொள்வதே நேர்மையானது.

4. ஆண்டுக் கணக்கா, மாதக் கணக்கா என்று முடிவு செய்யுங்கள்

தளத்தில் ஆண்டுக்கான தரவு வங்கியும் மாதத்துக்கான தரவு வங்கியும் தனித்தனியே உள்ளன. ஆண்டுத் தரவு வங்கியில் ஆண்டு என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு. 2024 ஜனவரியில் போன சரக்கு 2023-24 கணக்கில் இருக்கும். ஐக்கிய நாடுகள் சபையின் வணிகத் தரவுத் தளமான காம்ட்ரேடு போன்றவற்றில் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டே வழக்கம் என்பதால், அந்த எண்ணோடு இதை நேராக ஒப்பிடக் கூடாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமானால், மாதத் தரவிலிருந்து பன்னிரண்டு மாதங்களை எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாதத் தரவைப் பயன்படுத்தும்போது முந்தைய மாதத்தோடு அல்ல, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வேளாண் பொருள்களில் அறுவடைக் காலத்தின் ஏற்றத்தை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது புதியவர்களிடம் திரும்பத் திரும்பக் காணும் பிழை. அண்மைய மாதங்களின் எண்கள் பின்னர் திருத்தப்படுவதும் உண்டு. ஆகையால், பன்னிரண்டு மாதங்களைக் கூட்டிய தொகை ஆண்டுத் தொகையோடு கொஞ்சம் பொருந்தாமல் இருந்தால் கலங்க வேண்டாம். இரண்டும் எந்த நாளில் எடுக்கப்பட்டவை என்று பாருங்கள்.

5. மதிப்பு, அளவு, அலகு

தளம் மதிப்பை மில்லியன் டாலரிலோ ரூபாயிலோ காட்டும். விருப்பப்படி அளவையும் கேட்கலாம். மதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதே என் உறுதியான அறிவுரை. விலை ஏறினால், சரக்கு குறைந்திருந்தாலும் மதிப்பு கூடியிருக்கும். ரூபாயின் மதிப்பு சரிந்தால், டாலரில் அசையாத ஏற்றுமதி ரூபாயில் வளர்ந்ததுபோலத் தெரியும். பல ஆண்டுகளை ஒப்பிடுவதற்கு டாலரும் அளவும், உள்நாட்டுச் செலவோடு ஒப்பிடுவதற்கு ரூபாயும் பொருந்தும்.

அலகில் கவனம் தேவை. லட்சம் ரூபாயைக் கோடியாக்க 100ஆல் வகுக்க வேண்டும். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். அளவு பெரும்பாலும் ஆயிரங்களில் வரும். அதாவது கிலோ என்று குறித்த இடத்தில் 1,500 என்றிருந்தால் அது 15 லட்சம் கிலோ, 1,500 டன். அட்டவணையின் தலைப்பில் இது எழுதியிருக்கும். படித்துவிட்டே மேலே செல்லுங்கள்.

அளவை எட்டு இலக்க நிலையில் எடுப்பதே நல்லது. ஒரே அத்தியாயத்துக்குள் சில சரக்குகள் கிலோவிலும் சில எண்ணிக்கையிலும் சில ஜோடியிலும் இருக்கும்போது, அவற்றைக் கூட்டிய அளவுக்குப் பொருளே இல்லை.

6. தேடலைச் செய்யுங்கள்

இப்போது தளத்தைத் திறக்கலாம். வரிசை இது: ஆண்டு அல்லது மாதத் தரவு வங்கி, ஏற்றுமதி அல்லது இறக்குமதி, தேடலின் வகை, ஆண்டு, குறியீடு அல்லது நாடு, அலகு.

தேடலின் வகையில்தான் சற்று நிற்க வேண்டும். 'சரக்கு வாரியாக' என்பது எல்லா நாடுகளுக்குமான கூட்டுத் தொகையைத் தரும். 'சரக்கு வாரியாக, எல்லா நாடுகளும்' என்பது ஒரே சரக்கு எந்தெந்த நாட்டுக்குப் போனது என்று பிரித்துக் காட்டும். நம் மஞ்சள் கேள்விக்கு இதுதான். 'நாடு வாரியாக, எல்லாச் சரக்குகளும்' என்பது ஒரு நாட்டுக்குப் போனவற்றை எல்லாம் வரிசைப்படுத்தும். ஒரு சரக்கு, ஒரு நாடு என்று இரண்டையும் குறுக்கிக் கேட்கும் வகையும் உண்டு. அதை முதலில் பயன்படுத்தாதீர்கள். பரந்த பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டால், நீங்கள் கேட்கவே நினைக்காத ஒரு நாடு மேல்வரிசையில் இருப்பது தெரியவரலாம்.

நாடுகளின் பெயர்கள் சுருக்கமாக இருக்கும். ஐக்கிய அரபு அமீரகம் 'யு அரப் எம்ட்ஸ்' என்றும், சீனா 'சைனா பி ஆர்பி' என்றும், தென் கொரியா 'கொரியா ஆர்பி' என்றும் பதிவாகியிருக்கும். முழுப் பெயரை எதிர்பார்த்து அகர வரிசையில் தேடிவிட்டு, அந்த நாடு பட்டியலில் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

7. வந்த எண்ணை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

முதல் சோதனை, குறியீட்டுக்கு நேரே உள்ள விளக்கம். நீங்கள் நினைத்த சரக்குதானா என்று வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, ஓர் அலகின் மதிப்பு. மதிப்பை அளவால் வகுங்கள். எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொண்ட எண்கள்: மதிப்பு 200 மில்லியன் டாலர், அளவு ஆயிரம் கிலோவில் 1,50,000. அதாவது 20 கோடி டாலரை 15 கோடி கிலோவால் வகுக்கிறோம். கிலோவுக்குச் சுமார் 1.33 டாலர் வருகிறது. வணிகத்தில் நடக்கும் விலைக்கு இது அருகில் இருந்தால் அலகுகளைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். விடை ஆயிரம் மடங்கு கூடவோ குறையவோ வந்தால், மில்லியனிலோ ஆயிரத்திலோ எங்கோ பிசகியிருக்கிறது. ஒரே ஒரு நாட்டுக்கு மட்டும் இந்த விலை மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், அங்கே போனது வேறு தரமா, மிகச் சிறிய மாதிரிச் சரக்கா என்று விசாரியுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது; எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

மூன்றாவது, பூஜ்யங்கள். மில்லியன் டாலரில் 0.00 என்று இருப்பது 'எதுவும் போகவில்லை' என்று ஆகாது. இரண்டு தசமத்துக்குச் சுருக்கியதில் சில ஆயிரம் டாலர் மறைந்திருக்கலாம். சிறிய சந்தைகளைப் பார்க்கிறவர்கள் அதே தேடலை ரூபாயில் ஒருமுறை செய்வது நல்லது. அப்படிப்பட்ட சிறிய தொகைகளின் பக்கத்தில் நிற்கும் பெரிய வளர்ச்சி விகிதங்களைப் பொருட்படுத்த வேண்டாம், 0.02 என்பது 0.10 ஆனாலும் 400 விழுக்காடு என்றுதான் காட்டும்.

பங்கு விழுக்காடு எதனுடைய பங்கு என்பதையும் பாருங்கள். சரக்கு வாரியான அட்டவணையில் அது இந்தியாவின் மொத்த ஏற்றுமதியில் அந்தச் சரக்கின் பங்கு.

8. எக்செலில் சேமிக்கும்போது முன்னணிப் பூஜ்யத்தைக் காப்பாற்றுங்கள்

பதிவிறக்கிய கோப்பை எக்செலில் திறக்கும்போது குறியீடு எண்ணாக எடுத்துக்கொள்ளப்பட்டால், 09103020 என்பது 9103020 ஆகிவிடும். பார்ப்பவருக்கு இது 91ஆம் அத்தியாயமாகத் தெரியும். அந்த அத்தியாயம் கடிகாரங்களுக்கு உரியது. முதல் ஒன்பது அத்தியாயங்களில்தான் மீன், பால், காய், பழம், தேயிலை, வாசனைப் பொருள்கள் எல்லாம் இருப்பதால், வேளாண் பொருள்களைப் பார்க்கிறவர்களுக்கே இந்தச் சிக்கல் அதிகம். குறியீட்டுப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தரவை இறக்குங்கள்.

கோப்பின் முதல் வரியில் நான்கு விவரங்களை எழுதி வையுங்கள்: எடுத்த நாள், தேடலின் வகை, குறியீடு, அலகு. எண்கள் திருத்தப்படுகிறவை என்பதால், எடுத்த நாள் இல்லாத அட்டவணையைப் பின்னர் யாரும் சரிபார்க்க முடியாது.

9. மறுநாட்டின் கணக்கோடு ஒப்பிடுங்கள்

இந்தியா ஒரு நாட்டுக்கு அனுப்பியதாகச் சொல்லும் தொகையும், அந்த நாடு இந்தியாவிலிருந்து பெற்றதாகச் சொல்லும் தொகையும் பெரும்பாலும் பொருந்தாது. இதைக் கண்டதும் இரண்டில் ஒன்று பொய் என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. வேறுபாட்டுக்குக் காரணங்கள் இருக்கின்றன.

நம் ஏற்றுமதி எஃப்.ஓ.பி. முறையில், அதாவது துறைமுகத்தில் கப்பலில் ஏற்றுவது வரையிலான மதிப்பில் பதிவாகிறது. இறக்குமதியோ சி.ஐ.எஃப். முறையில், கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து பதிவாகிறது. பெரும்பாலான நாடுகளிலும் இறக்குமதிக்கு இதுவே வழக்கம் என்பதால், ஒரே சரக்கு மறுகரையில் கூடுதல் மதிப்போடு பதிவாகிறது.

அடுத்தது, சரக்கு எங்கே போனது என்ற கேள்வி. ஏற்றுமதியில் அனுப்பும்போது தெரிந்த கடைசிச் சேருமிடம் பதிவாகிறது. இறக்குமதியில் பொருள் உருவான நாடு பதிவாகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் வழியாகப் போய் ஜெர்மனியில் விற்கப்பட்ட மஞ்சள் நம் கணக்கில் நெதர்லாந்தாகவும் அவர்கள் கணக்கில் ஜெர்மனியாகவும் இருக்கலாம். சிங்கப்பூர், துபாய் போன்ற மறு ஏற்றுமதி மையங்களுக்கும் இது பொருந்தும். ஆகவே நெதர்லாந்தின் பெயர் மேலே நிற்பதைப் பார்த்ததும் அங்கே மஞ்சள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவிடக் கூடாது.

ஒப்பிடும்போது ஆறு இலக்கத்துக்கு மேல் போகாதீர்கள். ஏழாவது இலக்கத்திலிருந்து ஒவ்வொரு நாட்டின் பட்டியலும் வேறு. 0910 30 20ஐக் காம்ட்ரேடில் தேட முடியாது. 0910 30ஐத்தான் எடுக்க வேண்டும். இந்தியப் பக்கத்திலும் அதே ஆறு இலக்கத்தை, அதே ஜனவரி–டிசம்பர் காலத்துக்கு, மாதத் தரவிலிருந்து கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு முதலில் எடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், மதிப்புகளை அடுத்து எடுத்துக்கொள்ளலாம். கப்பல் கட்டணமும் நாணய மாற்றும் மதிப்பை மாற்றும், எடையை மாற்றாது. எடையிலும் பெரிய இடைவெளி தெரிந்தால், அந்த நாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு, அதன் அண்டை நாடுகள் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ததாகச் சொல்லும் எடையையும் சேர்த்துப் பாருங்கள்.